காது கேளாத, வாய் பேச இயலாத சப்ளையர்கள்: ராமநாதபுரம் கடற்கரை உணவகங்களிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் செல்லும் சாலையோரத்தில் உள்ள ஒரு மீன் சாப்பாட்டு மெஸ்ஸில் என் தம்பி நான்கு ஆண்டுகளாகச் சப்ளையராக வேலை பார்க்கிறான். பிறவியிலேயே அவனுக்குக் காது கேட்காது; அதனால் பேச்சும் வரவில்லை. அவன் பரிமாறுவதைப் பார்த்துவிட்டு, இதே கரையில் உணவகம் நடத்துகிறவர்களும், காது கேளாத பிள்ளைகளைப் பெற்றவர்களும், சாப்பிட வருகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

காது கேளாத ஒருவர் எப்படி ஆர்டர் எடுப்பார்?

கண்ணால் எடுப்பார். ஒரு சப்ளையருக்கும் சாப்பிட வந்தவருக்கும் இடையே நடக்கும் பேச்சு உண்மையில் மிகவும் சிறியது: என்ன வேண்டும், எத்தனை வேண்டும், இன்னும் வைக்கவா, போதுமா, பில் எவ்வளவு என்பதோடு அது முடிந்துவிடுகிறது. இவ்வளவையும் காது இல்லாமல் நடத்த முடியும். அதற்கு ஓர் ஒழுங்கு மட்டும் வேண்டும்.

தம்பி வேலை பார்க்கும் மெஸ்ஸில் ஒவ்வொரு மேசையிலும் ஓர் அட்டை இருக்கிறது. ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு படம், ஓர் எண், ஒரு விலை. வந்தவர் படத்தின் மேல் விரலை வைக்கிறார். எத்தனை என்பதை விரல்களால் காட்டுகிறார். தம்பி சீட்டில் எண்ணையும் எண்ணிக்கையையும் எழுதி, சீட்டை வந்தவர் பக்கமாகத் திருப்பிக் காட்டுகிறான். அவர் தலையசைத்த பிறகுதான் சீட்டு அடுப்படிக்குப் போகும். அப்படித் திருப்பிக் காட்டுவதுதான் இந்த முறைக்கு உயிர். காது கேட்கும் சப்ளையர்கள் பாதி வழியில் நின்று அடுப்படியைப் பார்த்துச் சத்தம் போட்டு ஆர்டர் சொல்லும் கடைகளில், கரண்டிச் சத்தத்திலும் மின்விசிறிச் சத்தத்திலும் ஆஃப் பாயில் ஆம்லெட்டாக மாறிப் போவது வழக்கம். எழுதிக் காட்டி ஒப்புதல் வாங்கிய சீட்டில் அந்தத் தவறு மிக அரிதாகவே நேர்கிறது.

நம் கரைக்கே உரிய ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மீன் அன்றாடம் மாறும் சரக்கு. காலையில் பாறை மீன் வந்திருக்கும், மறுநாள் விளமீன் வந்திருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் பல மீன்கள் அட்டையில் இருந்தாலும் சட்டியில் இருக்காது. காது கேட்கும் சப்ளையர் "இன்னைக்கு அது இல்லண்ணே" என்று சொல்லிவிடுவார். காது கேளாதவருக்கு அந்த வாக்கியத்தை அட்டைதான் சொல்லித் தர வேண்டும். ஆகவே மீன்களுக்கு மட்டும் கழற்றி மாட்டக்கூடிய தனித்தனிச் சிற்றட்டைகளை வைத்து, இல்லாத மீனின் அட்டையைக் காலையிலேயே கழற்றிவிடுவது நல்லது.

காது கேளாதவர்கள் எல்லோருமே பேச முடியாதவர்களா? அவர்களை எந்தச் சொல்லால் குறிப்பிட வேண்டும்?

இல்லை. பிறவியிலேயே காது கேளாத பெரும்பாலோருக்குத் தொண்டையிலோ நாக்கிலோ எந்தக் குறையும் இருப்பதில்லை. ஒலியைக் கேட்டுத்தான் குழந்தை பேசப் பழகுகிறது என்பதால், கேட்காத குழந்தைக்குப் பேச்சு தானாக வருவதில்லை. பேச்சு வந்த பிறகு காது கேட்காமல் போனவர்கள் தெளிவாகவே பேசுவார்கள். காது நன்றாகக் கேட்டும் பேச இயலாதவர்களும் உண்டு. அவர்களிடம் நீங்கள் வாய்விட்டே சொல்லலாம், பதில்தான் கையால் வரும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமும் செவித்திறன் குறைபாட்டையும் பேச்சு, மொழிக் குறைபாட்டையும் தனித்தனியாகவே வரையறுக்கிறது. இரண்டு காதுகளிலும் 70 டெசிபல் கேட்புத்திறன் இழப்பு இருந்தால் காது கேளாதவர் என்றும், 60 முதல் 70 டெசிபல் வரை என்றால் கேட்புத்திறன் குறைந்தவர் என்றும் அது பிரிக்கிறது.

நாட்டில் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேட்புக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். பேச்சுக் குறைபாடு உள்ளவர்கள் ஏறத்தாழ 20 லட்சம். இத்தனை பேரைக் குறிக்க ஊர்ப்பக்கத்தில் இன்றும் புழங்கும் அந்த இரண்டு பழைய சொற்களையும் விட்டுவிடுங்கள். காது கேளாதவர், வாய் பேச இயலாதவர் என்றால் போதும். அதைவிட நல்லது, மற்றவர்களைப் போல அவரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது.

எல்லாவற்றையும் எழுதிக் காட்டினால் போதாதா? சைகை எதற்கு?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிட விரும்புகிறேன், ஏனென்றால் நல்ல மனம் கொண்ட முதலாளிகளே தவறிப் போகும் இடம் இதுதான்.

பிறவியிலேயே காது கேளாத ஒருவருக்குச் சைகைதான் தாய்மொழி போன்றது. எழுத்துத் தமிழ் அவருக்கு இரண்டாம் மொழி. நாம் வீட்டில் கேட்டுக் கேட்டு, யாரும் சொல்லித் தராமலேயே "போனேன், போகிறேன், போவேன்" என்ற வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டோம். அவரோ ஒலியே இல்லாத ஒரு மொழியின் வேற்றுமை உருபுகளையும் விகுதிகளையும் கரும்பலகையைப் பார்த்து ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்தவர். என் தம்பி வாட்ஸ்அப்பில் "நான் நாளை ஊர் போனேன் அம்மா மருந்து" என்று அனுப்புவான். நாளை அம்மாவுக்கு மருந்து வாங்க ஊருக்குப் போகிறேன் என்பது அதன் பொருள். சைகையில் அதே செய்தியை அவன் சொல்லும்போது காலமும் இடமும் காரணமும் பிசிறில்லாமல் வருகின்றன. அவன் எழுத்தைப் பார்த்து அவன் அறிவை அளந்தவர்கள் அவனுக்கு ஏற்கெனவே ஓர் அநியாயம் செய்திருக்கிறார்கள்: முன்பு அவன் வேலை பார்த்த ஒரு கடையில் வேலை விதிகளை இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கையில் கொடுத்து, படித்துப் புரிந்துகொண்டதாகக் கையெழுத்தும் வாங்கி, பதினைந்து நாளில் "சொன்னது புரியவில்லை" என்று நிறுத்திவிட்டார்கள். யாரும் அவனுக்கு ஒரு முறையாவது செய்து காட்டியிருந்தால் அது நடந்திருக்காது.

ஆகவே எண், படம், ஒற்றைச் சொல் ஆகியவற்றுக்கு எழுத்து போதும். விளக்கம், கண்டிப்பு, சம்பளக் கணக்கு, விடுப்பு போன்றவற்றைச் சைகை தெரிந்த ஒருவர் மூலமாகவோ, செய்து காட்டியோதான் சொல்ல வேண்டும். கடையில் இருக்கும் அனைவரும் ஐம்பது சைகைகளையாவது கற்றுக்கொள்ளுங்கள். புதுதில்லியில் உள்ள இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2015இல் தொடங்கப்பட்டது. அது வெளியிட்ட அகராதி 2021இல் பத்தாயிரம் சொற்களை எட்டியது. அந்தச் சைகைகளை இணையத்தில் காணொளியாகப் பார்த்துப் பழகலாம். ஆனால் ஊருக்கு ஊர், பள்ளிக்குப் பள்ளி சைகை சற்று மாறும் என்பதால், உங்கள் கடையில் சால்னாவுக்கும் சூடைமீனுக்கும் என்ன சைகை என்பதை வேலைக்கு வந்தவரே முடிவு செய்யட்டும். அவர் ஆசிரியராக இருந்து மற்றவர்களுக்குச் சொல்லித் தரட்டும்.

இப்படிப்பட்ட உணவகங்கள் வேறு எங்கே இருக்கின்றன?

கனடாவின் டொராண்டோ நகரில் 2014இல் 'சைன்ஸ்' என்ற உணவகமும், மும்பையின் பவாய் பகுதியில் 2015இல் 'மிர்ச்சி அண்ட் மைம்' என்ற உணவகமும் காது கேளாத சப்ளையர்களைக் கொண்டு தொடங்கப்பட்டன. வாஷிங்டனில் 2018இல் ஸ்டார்பக்ஸ் நிறுவனம் சைகைமொழிக் கடை ஒன்றைத் திறந்தது. நம் நாட்டில் லெமன் ட்ரீ விடுதிகள் 2007 முதலே காது கேளாதவர்களை வேலைக்கு எடுத்து வருகின்றன. இவையெல்லாம் பெருநகர நிறுவனங்கள் என்பதால் நமக்கு எட்டாது என்று நினைக்க வேண்டியதில்லை. பத்து மேசைகள் உள்ள மெஸ்ஸில் முதலாளி, மாஸ்டர், கல்லாவில் இருப்பவர் என்று மூன்று பேர் பழகிக்கொண்டாலே கடை முழுவதும் பழகிவிடும். பெரிய விடுதியில் அது மாதக்கணக்கில் இழுக்கும்.

அமாவாசைக் கூட்டத்தில், வெளியூர் யாத்திரிகர்களுக்கு நடுவில், இது சரிப்படுமா?

ஆடி அமாவாசையும் தை அமாவாசையும்தான் இந்த முறைக்கு உண்மையான சோதனை. அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நனைந்து, ஈரத்துணியோடு பசியாக வரும் கூட்டத்துக்கு முன்னால் எந்தச் சப்ளையரும் திணறுவார். ஆனால் ராமேசுவரத்தில் சாப்பிட வருகிறவர்களில் பலர் இந்தியும் வங்காளமும் குஜராத்தியும் மராத்தியும் பேசுகிறவர்கள். நம் காது கேட்கும் பையன்களும் அவர்களிடம் கையால்தான் பேசுகிறார்கள். விரலைக் காட்டுவதும், சாம்பார் வாளியைத் தூக்கிக் காட்டிப் புருவத்தை உயர்த்துவதும் அங்கே பல காலமாக நடப்பதுதான். அந்தக் கலையில் என் தம்பி போன்றவர்கள் இருபது ஆண்டுப் பயிற்சியோடு வருகிறார்கள்.

ஒரு நாள் காசியிலிருந்து வந்த ஒரு முதிய தம்பதியர் தவறுதலாக எங்கள் மீன் மெஸ்ஸுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இருவர் முகத்தையும், நெற்றியையும், அந்த அம்மாள் மூக்கருகே முந்தானையைப் பிடித்திருந்ததையும் பார்த்த தம்பி, அட்டையை நீட்டவே இல்லை. அவர்களைக் கைகாட்டி எழுப்பி, தெரு முனையில் உள்ள சைவக் கடைவரை கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டு வந்தான். போகும் வழியில் ஒரு வெங்காயத்தை எடுத்துக் காட்டித் தலையை இடம் வலமாக ஆட்டிக் கேட்டு, அவர்கள் வெங்காயமும் சேர்க்க மாட்டார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு, அந்தக் கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட்டே திரும்பியிருக்கிறான். அதன் பிறகுதான் பல சைவக் கடைக்காரர்கள் என்னிடம் விசாரிக்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, அட்டையில் வெங்காயம், பூண்டு படங்களைக் குறுக்குக் கோட்டோடு போட்டு வையுங்கள் என்பதே.

கடலுக்குப் போகிறவர்களுக்கு இதில் புதுமை எதுவும் இல்லை. விசைப்படகின் எஞ்சின் சத்தத்துக்கு நடுவே படகின் முன்பகுதியான அணியத்தில் நிற்பவரும் சுக்கான் பிடிப்பவரும் கையசைவில்தான் பேசிக்கொள்கிறார்கள். பாம்பன், மண்டபம் பக்கத்து மீனவர்கள் மெஸ்ஸுக்கு வந்தால் முதல் நாளே தம்பியோடு சரளமாகப் பேசிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுப்படியில் ஆபத்து இல்லையா?

கவனம் வேண்டும், பயம் வேண்டாம். உணவகத்தில் "சூடு, சூடு", "பின்னாடி வர்றேன்" என்ற குரல்கள்தான் பாதுகாப்பு. அந்தக் குரலுக்கு ஈடாக மூன்று ஏற்பாடுகள் தேவை. அடுப்படிக்குள் நுழையும் வழியையும் வெளியேறும் வழியையும் பிரித்துவிட வேண்டும். ஒரே வாசல்தான் என்றால் இடப்பக்கம் போவது, வலப்பக்கம் வருவது என்று தரையில் கோடு போட வேண்டும். வாசல் மூலையில் எதிரே வருபவர் தெரியும்படி ஒரு கண்ணாடி மாட்ட வேண்டும். கொதிக்கும் பாத்திரத்தோடு காது கேளாதவரின் பின்புறமாக யாரும் போகக் கூடாது. போக வேண்டியிருந்தால் வெறுங்கையோடு வந்து தோளைத் தொட்ட பிறகே போக வேண்டும். தரையை உதைத்தால் அதிர்வு தெரியும் என்று சிலர் சொல்வார்கள். அது பலகைத் தரையில் சரி. நம் கடைகளின் சிமென்ட் தரையில் எட்டாது.

குக்கர் விசிலை எண்ணும் வேலையை அவரிடம் விடாதீர்கள். காஸ் கசிவை அவரும் மூக்கால் உணர்வார். தீ எச்சரிக்கை மணி இருந்தால் அதனோடு மினுங்கும் விளக்கையும் சேர்க்க வேண்டும்.

கடையில் வேறு என்ன மாற்றங்கள் செய்ய வேண்டும்? செலவு அதிகமா?

அதிகம் இல்லை. மாஸ்டர் மணி அடிப்பதற்குப் பதிலாக ஒரு சுவிட்சைத் தட்டினால் கூடத்தில் எரியும் ஒரு விளக்கு, ஒவ்வொரு மேசைக்கும் தடித்த எண், சீட்டு மாட்ட ஒரு கம்பி, இவ்வளவுதான். வெளிச்சம் மட்டும் தாராளமாக இருக்கட்டும். மங்கலான வெளிச்சம் காது கேளாதவருக்கு நம் காதை யாரோ பொத்துவதற்குச் சமம்.

காது கருவி அணிந்தவர் என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள். உப்புக்காற்றும் வியர்வையும் அடுப்படி ஆவியும் அந்தக் கருவிக்கு எதிரி. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் போட்ட ஒரு சிறு டப்பாவைக் கல்லாவில் வைத்துக் கொடுங்கள். பாத்திரச் சத்தத்தையும் அந்தக் கருவி பெருக்கிக் காட்டும் என்பதால் கூட்ட நேரத்தில் அவர் அதைக் கழற்றி வைக்க விரும்பினால் விட்டுவிடுங்கள்.

சம்பளம் குறைத்துக் கொடுக்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

கூடாது. அதே வேலைக்கு அதே சம்பளம். குறைந்தபட்ச ஊதியம் உணவகத் தொழிலாளர்கள் அனைவருக்கும் பொது; காது கேளாதவர் என்பதற்காக அதில் கழிவு எதுவும் இல்லை. "பாவம் என்று வேலை கொடுத்தேன்" என்று சொல்லிச் சாப்பாட்டோடு கணக்கை முடிப்பவர்களை இந்தக் கரையிலும் பார்த்திருக்கிறேன். அது உழைப்பைத் திருடுவது.

2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், அரசுப் பணிகளில் 4 சதவீத இடங்களை ஒதுக்குகிறது. அதில் 1 சதவீதம் காது கேளாதவர்களுக்கும் கேட்புத்திறன் குறைந்தவர்களுக்கும் உரியது. தனியார் நிறுவனங்களுக்கு அப்படிக் கட்டாய ஒதுக்கீடு இல்லை. ஆட்களில் 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி அரசு ஊக்கம் தர வேண்டும் என்று மட்டும் சட்டம் சொல்கிறது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் விடுதியோ உணவகமோ சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். இ.எஸ்.ஐ. திட்டத்தில் மற்றவர்களுக்கு மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய் என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 ரூபாய்.

ஆட்களை எங்கே தேடுவது?

ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்கும் காது கேளாதவர்கள் வேலை தேடி வருகிறார்கள். வேலைக்கு வருகிறவரிடம் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்க உதவுங்கள். ஒருவரை மட்டும் எடுக்காமல் முடிந்தால் இருவரை எடுங்கள். நாள் முழுவதும் தன் மொழியில் பேச ஒருவர்கூட இல்லாத இடத்தில் யாருக்கும் வேலை ஓடாது. தம்பிக்குத் துணையாக இரண்டாவது பையன் வந்த மாதத்திலிருந்துதான் அவன் வீட்டில் சிரித்துப் பேச ஆரம்பித்தான்.

சாப்பிட வருகிறவர்கள் என்ன செய்ய வேண்டும்?

கூப்பிடக் கையை உயர்த்தி அசையுங்கள். அருகில் இருந்தால் மேசையை மெதுவாகத் தட்டலாம், தோளைத் தொடலாம். விரலைச் சொடுக்காதீர்கள், எதையும் தூக்கி எறியாதீர்கள். உரக்கக் கத்துவதால் பயனில்லை. கத்தும்போது உதட்டின் வடிவம் கெட்டு, உதட்டைப் படிப்பவருக்கும் புரியாமல் போகும். அவர் முகத்தைப் பார்த்து இயல்பாகப் பேசுங்கள். கூட வந்தவரிடம் "இவருக்குப் புரியுமா?" என்று கேட்காதீர்கள், அவர் உங்கள் முகத்தைப் படித்துக்கொண்டுதான் நிற்கிறார்.

வாசலில் "இங்கு காது கேளாதவர்கள் பரிமாறுகிறார்கள்" என்று பலகை வைக்கலாமா?

இதில் எனக்கே பல நாள் தயக்கம் இருந்தது. வருகிறவருக்கு முன்கூட்டியே தெரிந்தால் அவர் சினம் கொள்ளாமல் கையைப் பயன்படுத்துவார் என்பது உண்மை. ஆனால் அந்தப் பலகையே விளம்பரமாகி, பையன்களைப் படம் பிடிக்கவும் காணொளி எடுக்கவும் ஆட்கள் வந்தால் அவர்கள் காட்சிப்பொருளாகிவிடுகிறார்கள். என் முடிவு இது: மேசை அட்டையின் முதல் வரியில் "உங்களுக்குப் பரிமாறுபவர் கண்ணால் கேட்பார், படத்தைத் தொட்டுக் காட்டுங்கள்" என்று இருந்தால் போதும். அனுமதி கேட்காமல் படம் எடுப்பதைக் கல்லாவில் இருப்பவரே தடுக்க வேண்டும்.

யாராவது கேலி செய்தால்?

முதலாளி எழுந்து வர வேண்டும். வேறு யார் வந்தாலும் போதாது. மாற்றுத்திறனாளி ஒருவரை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பொது இடத்தில் அவமதிப்பது, மேலே சொன்ன சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். வேலை செய்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் பொறுப்பு உண்டு: இரவில் வீடு திரும்ப நிச்சயமான ஏற்பாடும், ஆபத்தென்றால் செய்தி அனுப்ப ஒரு கைப்பேசி எண்ணும் முதல் நாளே முடிவாகியிருக்க வேண்டும்.

கடைசிவரை சப்ளையராகவேதான் இருக்க வேண்டுமா?

பெற்றோர்கள் இதைக் கேட்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். கல்லா, கொள்முதல், சமையல் எல்லாவற்றுக்கும் அவர்கள் போகலாம். தம்பிக்குப் புரோட்டா மாஸ்டராக வேண்டும் என்று ஆசை. இரவு கடைசிப் பந்தி முடிந்த பிறகு மாஸ்டர் அவனுக்குக் கல்லைக் கொடுக்கிறார். மாவை வீசக் கண்ணே போதுமானதாக இருந்தது. கொத்துப் புரோட்டாவுக்குத்தான் தாளம் வேண்டுமே என்று நான் கவலைப்பட்டேன். மாஸ்டர் அவனுடைய இடது கையைக் கல்லின் சூடில்லாத ஓரச் சட்டத்தில் வைக்கச் சொல்லி, தான் இரண்டு தகடுகளாலும் கொத்திக் காட்டினார். அதிர்வை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு அவன் சிறிது நேரம் கண்ணை மூடி நின்றான். பிறகு தகடுகளை வாங்கித் தானே கொத்தத் தொடங்கினான். இப்போது சனிக்கிழமை இரவுகளில் கொத்துப் புரோட்டா அவன் பொறுப்பு.